பத்தாவது முடி

குனிந்துகொள் என்கிறாள், குனிந்துகொள்கிறேன். ஜெபா அக்காவின் கையுறை போட்ட விரல்கள் என் உச்சியில் வகிடு பிரிக்கின்றன, ரப்பர் முடியில் உரசும் சத்தம் காதுக்கு வெளியே கேட்கிறதா மண்டைக்குள்ளேயே கேட்கிறதா என்று பிரிக்க முடியவில்லை. எதிரே குளிர்பெட்டியின் எஃகுக் கதவு, அதில் என் முகம் நீண்டு தெரிகிறது, எனக்குப் பின்னால் அவளுடைய வெள்ளைக் கோட்டு. "ஏட்டி, ஆடாத. போன தடவையும் இப்படித்தான் நெளிஞ்ச" என்கிறாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. ஒரு சின்னத் தடுமாற்றம், ஒரு தேவையில்லாத இருமல், என் கண்ணைப் பார்க்காமல் பஞ்சை எடுக்கப் போகும் ஒரு அவசரம், ஏதாவது ஒன்று இருந்திருந்தால் நேற்று நான் கேட்டது உண்மைதான் என்று மனம் ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கும். இவளோ எப்போதும்போல இருக்கிறாள். இடுக்கி நெருப்பெறும்பு மாதிரி ஒரு முனையைப் பிடிக்கிறது, சுருக். ஒன்று. வேர் வந்திருக்கிறதா என்று விளக்கில் தூக்கிப் பார்த்து, பத்து மடிப்புள்ள காகித உறையின் முதல் மடிப்புக்குள் போட்டு, "நெத்தி வலது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். வலிக்கவில்லை என்று சொல்ல நினைக்கிறேன், கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில், பேசாமல் இருக்கிறேன். நேற்றும் பேசாமல்தான் இருந்தேன். மேடத்தின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது, நான் கையில் தண்ணீர்ப் புட்டியோடு வெளியே நின்றேன், ஒட்டுக்கேட்க நிற்கவில்லை, அழைத்ததால் நின்றேன். உள்ளே, எங்கள் ஆய்வை நடத்தும் வசுந்தரா மேடம் கேட்டார்: "அவ பத்து முடியும் நீயேதானே பிடுங்கின?" ஜெபா அக்கா கொஞ்சம் யோசித்தாள், அந்த யோசனையின் நீளம்கூட எனக்குத் தெரியும். "ஒம்பது நான் எடுத்தது நல்லா நெனவிருக்கு மேடம். பத்தாவது, அவளே சீப்புல இருந்து எடுத்துத் தந்தாளோ என்னவோ." என்னவோ. இரவெல்லாம் அந்த ஒரு சொல்லைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். பொய் என்று முழுதாகச் சொல்ல முடியாதபடி கடைசியில் ஒரு என்னவோ.

சுருக். இரண்டு. "நெத்தி எடது." சீப்பு என்ற சொல் எங்கே போய் விழும் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் அதைச் சொன்னாள். எங்கள் ஆய்வே ஒரு தலையிலிருந்து எடுக்கும் முடிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுமா என்பதுதான். ஒவ்வொரு உயிரணுவிலும் நூற்றுக்கணக்கில் மைட்டோகாண்ட்ரியா, ஒவ்வொன்றிலும் அம்மாவிடமிருந்து மட்டும் வந்த ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம், அப்பாவுக்கு அதில் பங்கில்லை. எல்லா வளையத்திலும் எழுத்துகள் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் சிலரிடம் ஓர் எழுத்து மாறியவையும் கலந்திருக்கும். இதை ஊரில் அம்மாவுக்குச் சொன்னபோது விடுதிப் பொங்கலை வைத்துத்தான் சொன்னேன். அண்டாவில் முந்திரி இருக்கிறது, ஒருத்தி தட்டில் நாலு விழும், அடுத்தவள் தட்டில் ஒன்றுகூட விழாது, இரண்டும் ஒரே அண்டாதான். முடியின் வேரும் முளைக்கும்போது ஒரு கரண்டி அள்ளிக்கொண்டுதான் முளைக்கிறது. அம்மா யோசித்துவிட்டு, "அப்ப முந்திரி வராதவ சமையக்காரியத் திட்டுவாளே" என்றாள். எழுத்துக்கு ஒரு நிறமாகக் காட்டும் கருவியின் திரையில், என் பத்து முடிகளில் ஒன்பதில் ஓர் இடத்தில் நீலக் கோடு மேலே எழுந்தது, பத்தாவதில் அதே இடத்தில் சிவப்பு. அந்த ஓர் எழுத்து மட்டும், மற்றதெல்லாம் அப்படியே. திரையைப் பார்த்ததும் முதலில் யாரிடம் சொன்னேன், இவளிடம்தான். ஓடிவந்து பார்த்தாள், என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏட்டி சங்கவி, நீ ஒருத்தி இல்லட்டி, ரெண்டு பேரு. மெஸ்ல ரெண்டு பில்லு போடச் சொல்லுதேன்." அன்றைக்குப் பரோட்டா வாங்கித் தந்தாள், சால்னாவை எனக்கே அதிகம் ஊற்றினாள், ஆய்வு முடிந்ததும் என் பெயர்தான் கட்டுரையில் முன்னால் வரவேண்டும் என்று மேடத்திடம் தானே பேசுவதாகச் சொன்னாள். சொன்னவள் இவள்தான். சுருக். மூன்று. கண்ணில் நீர் வருகிறது, வலியின் நீர், அது தானாக வருவது, அதற்கு நான் பொறுப்பில்லை.

மேடம் சந்தோஷப்படவில்லை. அவர் அப்படித்தான், முதலில் சந்தேகம், அதைத்தான் நான் அவரிடம் கற்றுக்கொள்ள வந்தேன், ஆகவே அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. "அந்நியர் முடி இல்ல" என்றார் மேடம், "அந்நியர் முடின்னா நாலஞ்சு எழுத்தாவது மாறும். ஒரே எழுத்துன்னா ரெண்டு வழிதான். ஒண்ணு இது உன் முடி, நிஜமாவே கலப்பு இருக்கு. இல்லன்னா உன் தாய்வழிச் சொந்தக்காரங்க யாரோட முடியோ உன் உறைக்குள்ள வந்திருக்கு. உன் ரூம்ல யார் இருக்காங்க?" மோனிஷா இருக்கிறாள். சித்தி மகள், அம்மாவின் சொந்தத் தங்கை மகள், என் தங்கச்சி, நர்சிங் படிக்கிறாள், கட்டில் வேறு, மற்றதெல்லாம் ஒன்றுதான், வாளி, சோப்புப்பெட்டி, சீப்பு. என் பாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் சித்திக்கும் இறங்கிய அதே வளையம்தான் அவளுக்கும் எனக்கும், இறங்கும் வழியில் ஓர் எழுத்து மாறியிருந்தால் உண்டு. இதை நானே மேடத்திடம் சொன்னேன். மறைக்கவில்லை. மறைக்கத் தோன்றவும் இல்லை, ஏனென்றால் பத்தையும் பிடுங்கியவள் ஜெபா அக்கா, அவள் சொன்னால் முடிந்தது என்று நினைத்தேன். அவள் சொன்னாள். சீப்பு என்று சொன்னாள். நான் சீப்பிலிருந்தா எடுத்துத் தருவேன்? ஊரில் அம்மா சீவி உதிரும் முடியைச் சுருட்டிச் சுவரிடுக்கில் செருகி வைப்பாள், சைக்கிளில் வரும் முடிக்காரர் அதை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் டப்பா தருவார். நான் இந்த வேலையில் சேர்ந்ததும் அம்மா அவருக்குத் தருவதை நிறுத்திவிட்டாள், ஒரு பாலிதீன் பையில் சேர்த்து, பொங்கலுக்குப் போனபோது கொண்டுவந்து நீட்டினாள், உனக்கு ஆகுமேன்னு வச்சேன் என்று. முகம் அவ்வளவு பெருமையாக இருந்தது. நான், படித்த மகள், "சீப்பு முடி ஆகாதும்மா, யாரு முடின்னு தெரியாது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அம்மா பையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவிடமே வாங்காதவள் நான். இதை மேடத்திடம் சொல்ல வேண்டும் என்று இரவு தோன்றியது, பிறகு வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு கதையைச் சொன்னால் அழுது காரியம் சாதிக்கிறாள் என்றுதானே நினைப்பார்.

"பின்கழுத்துக்கு வாரேன், பின்னல முன்னால போடு." போடுகிறேன். சுருக். சுருக். அங்கே அதிகம் வலிக்கும், போன முறையும் அங்கேதான் உதட்டைக் கடித்தேன். "எண்ணெய் வைக்காதன்னு சொன்னா கேக்கியா, தலைக்குள்ள செக்கு ஓடுது" என்கிறாள் ஜெபா அக்கா. நான் சிரிக்க வேண்டிய இடம். மூன்று நாளாக எண்ணெய் வைக்கவில்லை என்று சொல்கிறேன், குரல் பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குப் பதில் சொல்வதுபோல வருகிறது. "கோவமா இருக்கியோ?" என்று கேட்கிறாள். "இல்லக்கா." "மேடம் சும்மா வெரட்டுதாங்க. மறுபடி பத்து எடுத்து ஓட்டுனா தெரிஞ்சிரப் போகுது." தெரியாது. அதுவும் அவளுக்குத் தெரியும். இந்தப் பத்தில் ஒன்றில் சிவப்பு வந்தால் நான் பிழைத்தேன், வராவிட்டால் அது ஒன்றையும் நிரூபிக்காது, அண்டாவில் முந்திரி இல்லை என்று ஒரு வெறும் தட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வெள்ளிக்கிழமை உட்காரும் குழுவுக்கு அந்தப் பொறுமை இருக்காது. அவர்கள் முன்னால் ஒரு கேள்விதான் இருக்கும், இந்தப் பெண்ணை முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யலாமா, மாதிரியைக் குழப்பியவள் என்று ஒரு வரி இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், திட்டத்தில் என் வேலையும் அந்த மாதத்தோடு முடியும். அதன் பிறகு ஊருக்குப் போய் என்ன சொல்வேன். முடி சரியில்லை என்றா. எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான், திரும்பி வந்தால் அது என்னோடு முடியாது, அடுத்து அனுப்பலாமா என்று யோசிக்கிற வீடுகளும் யோசனையை நிறுத்தும். மோனிஷாவை அனுப்பியதே என்னைப் பார்த்துத்தான்.

இரவு முழுக்க ஒரே இடத்தில்தான் சிக்கிக்கொண்டிருந்தேன். பத்தாவது சுருக் இருந்ததா. என் தலை, என் வலி, எனக்குத்தானே தெரிய வேண்டும். கண்ணை மூடி அந்தக் காலையை முதலிலிருந்து ஓட்டினேன். மழை, துணி காயவில்லை, அவசரமாகக் கிளம்பினேன், இதே நாற்காலி, கோட்டைக் கழற்றச் சொன்னாள். "என்னட்டி, மாப்பிள்ளை பாக்க வாரானோ, கண்ணாடித் துப்பட்டால்லாம் ஜொலிக்கி" என்றாள், இருவரும் சிரித்தோம். நெற்றி, நெற்றி, உச்சி, இரண்டு காதின் பின்னும், பின்கழுத்து. பின்கழுத்தில் அழுதேவிட்டேன், அவள் குளிர்ந்த பஞ்சை வைத்து ஊதினாள், என் அம்மாகூட எனக்கு அப்படி ஊதியதில்லை. அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு "முடிஞ்சுட்டு, எந்திரி" என்ற குரல். நடுவில் ஒரு சுருக் இருந்திருக்க வேண்டும். இருந்தது என்று நினைத்தால் இருந்த மாதிரியே இருக்கிறது, காதுக்கு மேலே, இடப்பக்கம், கொஞ்சம் லேசாக. இல்லை என்று நினைத்தால் அந்த இடம் மழமழவென்று ஒன்றுமில்லாமல் இருக்கிறது. வலிக்கு ஞாபகம் இல்லை, பல் பிடுங்கிய வலியை இன்றைக்கு என்னால் எடுத்துக் காட்ட முடியுமா, வலித்தது என்ற செய்திதான் இருக்கிறது, வலி இல்லை. ஆனாலும் உறைக்குள் பத்து முடி இருந்தது, நான் ஒன்றும் தரவில்லை, ஆகவே பத்தும் என் தலையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும், ஆகவே அவள் பொய் சொல்கிறாள். இந்த ஆகவேக்களைப் பிடித்துக்கொண்டுதான் விடியும்வரை கிடந்தேன். ஏன் சொன்னாள் என்பது மட்டும் எதிலும் பொருந்தவில்லை. ஆனியில் அவள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும், என் சிவப்புக் கோடு வந்தால் அவளுக்கும்தான் நல்லது. பொறாமையா. சால்னாவை எனக்கே ஊற்றியவளுக்கா.

சுருக். எட்டு. எப்போது ஏழு போயிற்று. இடக்காதுக்குப் பின்னால் எரிகிறது, கண்ணிலிருந்து ஒரு சொட்டு மடியில் விழுந்து துப்பட்டாவில் பரவுகிறது, இன்றைக்கு என்னுடைய சாதாரணப் பருத்தித் துப்பட்டா. சுருக். ஒன்பது. நான் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் அறை முழுக்கக் கேட்கிறது. "ஐயோ, செவந்துட்டுட்டி" என்கிறாள் ஜெபா அக்கா, குரல் உண்மையாகவே இளகுகிறது, நடிப்பில்லை, இரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த குரல். பஞ்சு வருகிறது, குளிர்ச்சி, ஊதுகிறாள். இப்படித்தான் போன வருடம் பள்ளிக்கூடத்தில் முடி எடுக்கப் போனபோது ஒரு சின்னப் பெண் அழுதாள், இவள் மடியில் உட்கார்த்திவைத்து ஊதினாள், அந்த டீச்சர்கூட இவளைக் காட்டி இந்த மேடத்துக்குக் குழந்தைகள் என்றால் உசுரு போலிருக்கு என்றார். நான் தலையைக் கொஞ்சம் நிமிர்த்துகிறேன். அடுத்ததற்காகக் காத்திருக்கிறேன், இடப்பக்கம் காதுக்கு மேலே, தோல் தானாகவே இறுகிக்கொள்கிறது. சுருக் வரவில்லை. குளிர்பெட்டிக் கதவில் அந்த வெள்ளைக் கோட்டு அசைகிறது, கை தலையை விட்டு இறங்குகிறது. என் வலது தோளில் துணி ஒரு நூலிழை அளவுக்கு இழுபட்டு விடுகிறது, இலையின் மேல் ஒரு பூச்சி உட்கார்ந்து எழுந்தமாதிரி. எஃகில் நீண்டு கலங்கிய இடுக்கி தெரிகிறது, அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத எதையோ பிடித்துக்கொண்டு அது உறையை நோக்கிப் போகிறது. "முடிஞ்சுட்டு, எந்திரி" என்கிறாள்.

நான் எழுந்திருக்கவில்லை. முதலில் வந்தது கோபமில்லை, ஒரு விதமான நிம்மதி, இரவெல்லாம் தேடியது கிடைத்துவிட்டது, பத்தாவது சுருக் இருக்கவே இல்லை. பிறகுதான் மற்றவை ஒவ்வொன்றாக வந்து நின்றன. நான் அழுதேன், பாவம் என்று தோளில் கிடந்ததை எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நேற்று மேடம் கேட்டபோது அந்த ஒரு நொடி யோசனையில் அது அவளுக்கு நினைவு வந்திருக்கிறது, வந்ததும் அதைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டாள். பொறாமையாக இருந்திருந்தால்கூடத் தேவலை. எரிந்த இடத்தில் ஊதிய அதே வாய். "அக்கா, அது தோள்ல இருந்து எடுத்தீங்க" என்கிறேன். சத்தமாக வரவில்லை. அவள் உறையை ஒட்டிக்கொண்டே, "ஆமா, அதுக்கென்ன, ஒனக்கு இன்னும் வலிக்க வேண்டாமேன்னு. உன் தோள்ல உன் முடி கெடக்காம ஊரான் முடியா கெடக்கும்?" என்று சிரிக்கிறாள். போன முறையும் இதையேதான் தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, "அன்னைக்கு நான் போட்டிருந்தது மோனிஷாவோட துப்பட்டா" என்கிறேன். "கண்ணாடி வச்சது. என்னோடது காயல. நீங்ககூடக் கேலி பண்ணீங்க."

கண்ணாடியின் சின்னச் சின்ன விளிம்புகளில் முடி எப்படி மாட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும், மோனிஷா ஞாயிறுதோறும் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பிரித்துப் பிரித்துத் திட்டுவாள். ஜெபா அக்காவின் முகத்தை இப்போது நேராகத் திரும்பிப் பார்க்கிறேன். சிரிப்பு அப்படியே இருக்கிறது, அதற்குள் இருந்தவள் மட்டும் போய்விட்டாள். நான் விளக்க வேண்டியதில்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் இவள் சொல்லிக் கொடுத்தது. என் சிவப்புக் கோடு. என்னுள் இன்னொருத்தி என்று நான் இரவில் கொஞ்சிக்கொண்டிருந்த அந்த ஓர் எழுத்து, அது பக்கத்துக் கட்டிலில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த மோனிஷாவுடையதாக இருக்கலாம். இருக்கலாம்தான், அவளிடம் ஒரு முடி கேட்டால் தெரிந்துவிடும், கேட்டால் தருவாள், எதற்கு என்றுகூடக் கேட்க மாட்டாள். எனக்கு ஆசை என்னவென்றால் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதுதான். பேசாமல் எழுந்து போய்விடலாம், இந்தப் பத்தும் ஓடட்டும், சிவப்பு வந்தால் வரட்டும். அவளுக்கும் அதே ஆசை, முகத்தில் தெரிகிறது. "மேடத்துக்கிட்ட சொல்லப் போறியா?" என்கிறாள். இந்த முறை அந்த ‘ஏட்டி’ இல்லை. "எத்தனை பேருக்குக்கா இப்படி எடுத்தீங்க?" என்று கேட்கிறேன். அந்தச் சின்னப் பெண், கன்னியாஸ்திரீ மடத்து வயதான சிஸ்டர், இன்னும் எத்தனையோ தலைகள், எல்லாவற்றையும் தொட்டவை இவளுடைய கைகள்தான். "அழுதவங்களுக்கு மட்டும்" என்கிறாள். பிறகு, "கொஞ்சப் பேருதான். நெனவில்ல" என்கிறாள். "நீ சொன்னா என் அஞ்சு வருசம் போயிரும் சங்கவி." ஆமாம், போகும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை என்னுடையது போகும். சொன்னாலும், கண்டுபிடித்தவள் என்று நான் அந்தக் குழுவின் முன்னால் போகப் போவதில்லை, கண்டுபிடிப்பு இல்லாத ஒருத்தியாகத்தான் போவேன். இவள் என் தலையில் சீப்பை வைத்தபோது இதில் எதையும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டாள். அவள் கண்ணில் நீர் நிற்கிறது. ஊதிவிடத் தோன்றுகிறது. தோன்றுவதை நிறுத்த முடியவில்லை.

உறையை அவள் கையிலிருந்து வாங்குகிறேன், அவள் இழுத்துப் பிடிக்கவில்லை. ஒட்டியதைப் பிரித்து, பத்தாவது மடிப்பில் கிடக்கும், தோளிலிருந்து வந்ததை இடுக்கியால் எடுத்து, விளக்கில் பார்க்கிறேன், நீளமாக, நுனியில் வேர் இல்லாமல், என்னுடையதைப் போலவே இருக்கிறது, மோனிஷாவுடையதைப் போலவும். வேறொரு உறையில் போட்டு மேலே எழுதுகிறேன்: தோளிலிருந்து எடுத்தது, யாருடையது என்று தெரியாது. முதல் முறையும் பத்தாவது இப்படியே. எழுத்து கோணுகிறது, கோணட்டும், படிக்க முடிகிறது. வராந்தாவில் மேடத்தின் செருப்புச் சத்தம், சாவிக் கொத்தின் சத்தம். திரும்பி நாற்காலியில் உட்கார்ந்து பின்னலை முன்னால் போட்டுக்கொள்கிறேன். "எடுங்கக்கா." இடப்பக்கம் காதுக்கு மேலே விரலை வைத்துக் காட்டுகிறேன், அவள் அசையவில்லை. "எடுங்க. நான் அழுதாலும் எடுங்க." ரப்பர் விரல்கள் வந்து முடியைப் பிரிக்கின்றன, இடுக்கி ஒருமுறை வழுக்கி, மறுமுறை பிடித்து, இழுக்கிறது. வலிக்கிறது. நன்றாகவே வலிக்கிறது. அவள் ஊதவில்லை. நான் கையை நீட்டி அதை வாங்கிப் பார்க்கிறேன், அடியில் சின்ன வெள்ளை வேர், ஈரமாக. இது என்னுடையது.